ஈ மொய்க்காத அன்னாசி

உலகத்திலேயே மிகவும் ஏழையான நாடுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறதாம். அதில் எங்கள் நாடும் இருக்கிறது என்று வணிகத் துறை அதிகாரி வந்து சொன்னபோது அவருக்கு முகமெல்லாம் பல். எங்களுக்கு ஏதோ பரிசு விழுந்துவிட்ட மாதிரி சொல்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்கிற விஷயமா தம்பி இது?" என்றேன்.

"முழுசாக் கேளுங்கக்கா. அந்தப் பட்டியல்ல இருக்கிற நாட்டுச் சரக்குக்குக் கடல் தாண்டி அந்தப் பக்கம் சுங்க வரி கிடையாது. பக்கத்து நாட்டுக்காரன் இதே அன்னாசியை அனுப்பினா வரி கட்டணும். நாம கட்ட வேண்டாம். இந்த நாட்டுல விளைஞ்சதுன்னு நான் ஒரு சான்றிதழ் போட்டுக் கொடுத்தா போதும்."

"அப்போ ஏழைன்னு பேர் வாங்கினதுக்கு இத்தனை வருஷத்துல இப்பத்தான் ஒரு பிரயோஜனம்னு சொல்லு."

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அன்றைக்கு அப்படித்தான் ஆரம்பித்தது.

என்னை ஊரில் மிளகாய் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது ஓட்டுப் போடுகிற அன்றைக்கு மட்டும்தான் வெளியே வரும். பழம் உலர்த்தும் கொட்டகை போட்டு அதற்கு ஒரு தலைவி வேண்டும் என்று பெண்கள் எல்லாரும் கூடிப் பேசியபோது, "சண்டை போட ஒருத்தி வேணும், மிளகாயையே போடுங்க" என்று ஒரே குரலில் முடித்துவிட்டார்கள். என் அறிவைப் பற்றி ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொட்டகைக்கு முன்னால் எங்கள் பிழைப்பு நெடுஞ்சாலை ஓரம்தான். அன்னாசியைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். லாரி வந்தால் வந்தது. லாரிக்காரன் சொன்னதுதான் விலை. "கட்டாது, போ" என்று வீம்பு பண்ணினால் அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். இரண்டு நாள் வெயிலில் பழம் அழுகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். மூன்றாம் நாள் திரும்பி வந்து அதிலும் பாதி விலை கேட்பான். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே கொடுப்போம். வேறென்ன செய்வது?

தோலைச் சீவி, நடுத்தண்டை எடுத்து, வட்டமாக நறுக்கி, மூங்கில் தட்டில் பரப்பிக் காயவைத்தால் அதே பழம் மாதக்கணக்கில் கெடாது. அழுகுகிற பயம் போய்விட்டால் லாரிக்காரனுடைய சிரிப்பும் போய்விடும். இது தெரிந்த நாளிலிருந்து எங்களுக்கு அந்தக் கொட்டகைதான் உயிர். அன்னாசிச் சாறு விரல் தோலை அரித்துத் தின்னும், கையுறை போட்டாலும் எரியும். எரிந்தால் எரியட்டும் என்று இருந்தோம்.

உலர்த்துகிற பக்கம் முழுவதும் என் நாத்தனார் பொறுப்பு. என் வீட்டுக்காரருடைய தங்கை. அவளுக்குச் சோப்பு என்று பெயர். ஏன் என்று கேட்கவே வேண்டாம், ஒரு தடவை அவள் வீட்டுக்குப் போய்வந்தால் தெரியும். செருப்பை எங்கே விடுவது, காலை எங்கே கழுவுவது, எந்த நாற்காலியில் உட்காருவது, எல்லாவற்றுக்கும் சட்டம். கொட்டகை வாசலில் தினமும் நின்றுகொண்டு ஒவ்வொருத்தி நகத்தையும் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். ஒருநாள் என்னையே திருப்பி அனுப்பினாள்.

"நான் தலைவிடி!"

"இருங்க அண்ணி. தலைவிக்கு நகம் வெட்டிட்டு வரக்கூடாதுன்னு யார் சொன்னது?"

எங்கள் பழத்தை வாங்குகிற அம்மாள் முதல் தடவை வந்தது அந்தச் சமயத்தில்தான். கடல் தாண்டிய பெரிய நாட்டுக்காரர். அதிகாரித் தம்பிதான் மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "இவ்வளவு இனிப்பை நான் எங்கேயும் பார்க்கலை" என்றார். எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் தட்டு முழுக்க ஈ. அன்னாசி என்றால் சும்மாவா, எங்கிருந்துதான் வருமோ! "ஈ உட்கார்ந்த பழத்தை எங்க ஊர்ல வாங்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப் போனார். சோப்பு நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் பொறுப்பில் இருந்த இடத்தைப் பார்த்து ஒருத்தி முகம் சுளித்துவிட்டாள். அதைவிட அவளைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

மறுநாளே வீடு வீடாகப் போனாள். காய்ச்சல் பரவிய வருடம் சுகாதாரப் பணியாளர்கள் எல்லா வீட்டுக்கும் கொசுவலை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். அதுவும் கடல் தாண்டிய அதே நாடு அனுப்பியதுதான், பையின் மேலே அவர்கள் கொடி அச்சடித்திருந்தது. எங்கள் வீட்டிலேயே பிரிக்காமல் இரண்டு கிடந்தன. சோப்பு அத்தனையையும் வாங்கி வந்து, வெந்நீரில் போட்டு, ஒரு தடவைக்கு மூன்று தடவை துவைத்து, காயவைத்து, தட்டுகளுக்கு அளவெடுத்து மூடி தைத்தாள். பழத்தின் மேலே வலை படிந்து கிடக்கும், வெயில் உள்ளே போகும், ஈ போகாது. யாருக்கும் தோன்றாத யோசனை. நாங்கள் எல்லாரும் மூக்கில் விரலை வைத்தோம்.

அடுத்த தடவை அந்த அம்மாள் வந்தபோது கொட்டகை கண்ணாடி மாதிரி இருந்தது. சோப்பு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதிகாரியிடம் சொன்னாள்.

"அந்த அம்மாகிட்ட சொல்லுங்க. எங்க கொட்டகையில ஒரு ஈ கூட உயிரோட இருக்காது."

நிஜம்தான். தினமும் காலையில் தட்டுகளுக்குக் கீழே ஈக்கள் செத்து விழுந்து கிடக்கும். அவள் அதைக் கூட்டி அள்ளி எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் கொட்டுவாள். அவளுக்குப் பயந்து செத்துவிட்டன என்று கேலி பேசுவோம். அந்த அம்மாள் சிரித்து, சோப்பைப் படம் பிடித்துக்கொண்டு, ஒரு கன்டெய்னர் சரக்குக்கு ஆர்டர் கொடுத்தார். பெட்டியின் மேலே எங்கள் நாட்டின் பெயரை அச்சடித்து அனுப்பினோம். பெட்டியைத் தூக்கும்போது ஒருத்தி அந்தப் பெயரைத் தடவிப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கப்பல் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் அதிகாரித் தம்பி வந்தார். பைக்கிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டார்.

"அக்கா, சரக்கை நிறுத்திட்டாங்க. சோதனையில பூச்சி மருந்து இருக்காம்."

"யார் சொன்னா? எந்தக் கழுதை சொன்னது? எங்க பழத்துல மருந்தா?"

"அங்கே துறைமுகத்துல எடுத்த சோதனைக்கா. பொய் இல்லை. அந்தச் சரக்கை அழிச்சிடுவாங்க." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த அம்மா நல்லவங்க. இன்னொரு தடவை பார்க்கலாம்னு சொல்றாங்க. பருவம் முடியறதுக்குள்ள இன்னொரு கன்டெய்னர். அதுலயும் மருந்து இருந்தா அவங்க வாங்க மாட்டாங்க. அது மட்டும் இல்லை. அப்புறம் இந்த நாட்டுலேருந்து யார் எந்தப் பழம் அனுப்பினாலும் ஒவ்வொரு பெட்டியும் நிறுத்திச் சோதிப்பாங்க. வரி இல்லாம இருந்து என்ன, யாரும் நம்மகிட்ட வர மாட்டாங்க."

கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசற்படியை மார்பு உயரத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் நினைத்துக்கொண்டு உட்கார எனக்கு நேரமில்லை. நேராகத் தோட்டங்களுக்குப் போனேன். எங்களுக்குப் பழம் போடுகிற ஒவ்வொருவரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "எவன் மருந்தடிச்சது? இப்பவே சொல்லிடு!"

"மருந்து வாங்குற வசதி இருந்தா நான் ஏன் மிளகா உன்கிட்ட பழம் போடறேன்?" என்றார் ஒரு பெரியவர். அவர் கால்சட்டையில் இருந்த ஒட்டுகளைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

கொட்டகையில் வேலை நின்றுவிட்டது. எல்லாரும் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து நாட்டு வியாபாரி வந்தார். பெரிய கார். இறங்குவதற்கு முன்னால் வாசனை இறங்கிவிட்டது. பெண்கள் அங்கேயே அவருக்குச் சென்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"கேள்விப்பட்டேம்மா, மனசுக்குக் கஷ்டமா இருந்தது" என்று உட்கார்ந்தார். "என்கிட்ட காய்ஞ்ச அன்னாசி இருக்கு. சோதனை பண்ணின சரக்கு, சுத்தமா இருக்கு. எங்க நாட்டுப் பேர்ல அனுப்பினா வரி கட்டணும், கட்டுப்படியாகலை. உங்க கொட்டகைக்குள்ள கொண்டாந்து உங்க பெட்டியில போட்டு, உங்க சான்றிதழோட அனுப்பிடலாம். உங்க ஆர்டர் பிழைக்கும். நீங்க சும்மா இருந்தா போதும், உங்க பங்கு வீடு தேடி வரும்."

ஆசை வந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் பெண்களின் முகத்தைப் பார்த்தேன், பாதிப் பேருக்குக் கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டு அதிகாரித் தம்பியைப் பிடித்தேன்.

"மாட்டினா என்ன ஆகும்?"

"மாட்டினா உங்க கொட்டகையோட போகாதுக்கா. அந்த வரிச் சலுகையே போயிடும். தேன் அனுப்பறவன், எள்ளு அனுப்பறவன், துணி தைக்கிற பொண்ணுங்க எல்லாருக்கும் போயிடும். அதுல எத்தனை பேருக்கு உங்களை யாருன்னே தெரியாது."

எனக்கு அது போதுமாக இருந்தது. எவளோ ஒருத்தி எங்கேயோ தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருக்கிறாள், நான் ஊர் பெயர் தெரியாதவனுடைய பழத்துக்கு என் நாட்டுப் பெயரை ஒட்டி அவள் சோற்றில் மண்ணைப் போடுவதா? எங்கள் பழத்தில் விஷம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை, ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

தலைநகரத்தில் அரசாங்க ஆய்வகம் இருந்தது. என் வீட்டுக்காரர் கொட்டகை வேனை ஓட்டினார். ஆய்வகத்தில் ரசாயனம் படித்த ஒரு அம்மா இருந்தார், நெற்றி முழுக்கக் களைப்பு. மூலையில் ஒரு பெரிய மிஷின், அதற்கு அழகாக உறை போட்டு மூடியிருந்தார்.

"ஏழை நாடுகளோட வியாபாரம் வளரணும்னு கொடுத்த மிஷின்மா இது" என்றார். "பயிற்சியும் கொடுத்தாங்க. ஆனா நாங்க போடுற சோதனை செல்லும்னு வெளிநாட்டுக்காரங்க வந்து பார்த்து அங்கீகாரம் தரணும். அது இன்னும் வரலை. நான் சுத்தம்னு எழுதிக் கொடுத்தாலும் அந்தத் துறைமுகத்துல குப்பைக்கூடையிலதான் போடுவாங்க. அதனால யாரும் எங்கிட்ட வர்றதில்லை."

"மிஷின் பொய் சொல்லுமா மேடம்?"

"மிஷின் ஏன் பொய் சொல்லப் போகுது? நான் தினமும் அதைச் சரிபார்த்துத்தான் வச்சிருக்கேன்."

"அப்போ எனக்குப் பேப்பரே வேண்டாம். யார்கிட்டயும் காட்டப் போறதில்லை. விஷம் எங்கேருந்து வருதுன்னு எனக்கு மட்டும் காட்டிக் கொடுங்க."

அந்த அம்மா எழுந்துபோய் மிஷினின் உறையை எடுத்தார். களைப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "இப்படிக் கலந்து கொண்டாந்தா பிரயோஜனம் இல்லை" என்று, நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டுபோன பொட்டலத்தைத் தள்ளிவிட்டு, சுத்தமான பாட்டில்கள் கொடுத்தார். தோட்டத்தில் பறித்த பழம் தனி, வெட்டின துண்டு தனி, காய்ந்த துண்டு தனி, பெட்டியில் போட்டது தனி. ஒன்றைத் தொட்ட கை மற்றதில் படக்கூடாது. ஊருக்குப் போய் அவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டு திரும்பி வந்தோம்.

முடிவு சொல்ல என்னைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார்.

"தோட்டத்துப் பழத்துல ஒண்ணும் இல்லை. வெட்டின துண்டுலயும் இல்லை. காய்ஞ்ச துண்டுல இருக்கு. அப்போ காய வைக்கிற இடத்துலதான் ஏறுது. அங்கே என்ன மருந்து வச்சிருக்கீங்க?"

"மருந்தா? எங்க நாத்தனார் கொட்டகைம்மா அது. அங்கே எறும்பு கூட அனுமதி கேட்டுத்தான் வரும்."

"ஈயே வராதா?"

"வரும். வந்து மேலே மூடியிருக்கிற வலையில உக்காரும், அப்படியே கீழே விழும். காலையில என் நாத்தனார் கூட்டி அள்ளு..."

சொல்லிக்கொண்டே வந்த என் வாய் பாதியில் நின்றது. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன வலை?"

"கொசுவலை. வீட்டுக்குக் கொடுத்ததுதான். ஆனா வெந்நீர்ல மூணு தடவை துவைச்சு..."

"அந்த நூலுக்குள்ளேயே மருந்து இருக்கும்மா. மேலே தடவினது இல்லை. துவைக்கத் துவைக்க உள்ளேருந்து வெளியே வந்துகிட்டே இருக்கும், வருஷக்கணக்குல கொசுவைக் கொல்லணும்னு அப்படிப் பண்ணியிருக்காங்க. தூங்குறவங்களுக்கு அதனால ஒண்ணும் ஆகாது. ஈரப் பழத்து மேலே படிஞ்சு வெயில்ல கிடந்தா பழத்துல இறங்கும்."

எனக்கு எங்கள் சரக்கு நினைவுக்கு வரவில்லை, கப்பலும் வரவில்லை. செத்த ஈக்களை முறத்தில் அள்ளிக் காட்டிச் சிரிக்கிற சோப்பின் முகம்தான் வந்தது. இதை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

திரும்பி வரும்போது வேனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"நான் வண்டி ஓட்டுறவன். அண்ணின்னு ஒருத்தி பின்னே எதுக்கு இருக்கா?" என்று அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சொன்னேன். சோப்பு அழவில்லை. உள்ளே போய் ஒவ்வொரு தட்டிலிருந்தும் வலையைத் தானே எடுத்தாள். அந்த நேரத்திலும் ஓரம் சேர்த்து ஒழுங்காக மடித்துத்தான் வைத்தாள். வீட்டுக்குப் போனவள் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கொட்டகை வாசலில் நகம் பார்க்க ஆளில்லாமல் எல்லாரும் தாங்களாகவே கையை நீட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

அவள் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் வாளியில் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை சிவந்து வெடித்திருந்தது.

"எவ்வளவு நேரமாடி தேய்க்கிற?"

"அண்ணி, அந்தச் சென்ட்டுகிட்ட சரின்னு சொல்லிடுங்க" என்றாள் நிமிராமல். "அவர் பழத்தையாவது அனுப்புங்க. என்னால அத்தனை பேர் வயித்துல அடிக்க வேண்டாம். நான் இனிமே அந்தப் பக்கமே வரலை."

எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும். "ஓஹோ, மகாராணி விஷத்தை வச்சுட்டு வீட்டுல உக்காந்துக்குவாங்க, நாங்க போய்ப் பொய் சொல்லணுமா? அந்த வலையை நீயா செஞ்ச? அதுல மருந்து இருக்குன்னு நம்ம பாஷையில எவனாவது எழுதியிருந்தானா? ஈ உக்காரக்கூடாதுன்னு சொன்னாங்க, ஈயை நிறுத்தின. எவளாலயும் முடியாததைச் செஞ்ச. அது தப்பாப் போச்சு. அதுக்காகக் கையைத் தேய்ச்சுத் தேய்ச்சு எலும்பை எடுப்பியா?"

அவள் பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. பார்த்தால் சென்ட். இருக்கட்டும், இவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"பருவம் முடியப் போகுதும்மா. என் லாரி எல்லையில நிக்குது. என்ன சொல்றீங்க?"

"உங்க பழம் நல்ல பழம்னு நீங்களே சொல்றீங்க. உங்க நாட்டுப் பேரைப் போட்டு, வரியைக் கட்டி, தைரியமா அனுப்புங்க. எங்க நாட்டுப் பேரு வாடகைக்கு இல்லை."

"ஏம்மா, இந்த விஷப் பழத்தை வச்சுக்கிட்டு இவ்வளவு ரோஷமா?"

"விஷம் எங்கே இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுங்க. எடுத்துக் கடாசிட்டோம். இனிமே எங்க பழம்தான் போகும்" என்று போனை வைத்துவிட்டுச் சோப்பைப் பார்த்தேன். "வாயை விட்டுட்டேன். இப்போ நீ வரலைன்னா என் மானம் போகும். எழுந்திரு."

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அப்போதுகூடத் துண்டு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துடைத்தாள்.

அன்றிலிருந்து கொட்டகையில் நாங்கள் வேலை செய்த வேகத்தை யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள். மூங்கில் தட்டுகளிலும் மருந்து இறங்கியிருக்கும் என்று ஆய்வகத்து அம்மா சொல்லியிருந்தார், அதனால் அத்தனையையும் தூர எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக முடைந்தோம். என் வீட்டுக்காரர் மூங்கில் பிளந்து பிளந்து விரலையெல்லாம் கிழித்துக்கொண்டார். சுவர், தரை, கயிறு எல்லாம் கழுவினோம். வலைகளை அதனதன் வீட்டுக்கே திருப்பிக் கொடுத்து, கட்டில் மேலே கட்டிக்கொள்ளுங்கள், அது அங்கே இருக்கவேண்டியது என்று சொன்னோம். மூடிக்கு மெல்லிய மல் துணி வாங்கினோம். சோப்பு அதையும் சும்மா விடவில்லை. வாங்கிய துணியில் ஒரு துண்டை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் ஒன்றும் இல்லை என்று அந்த அம்மா போனில் சொன்ன பிறகுதான் ஊசியைத் தொட்டாள். இந்தத் தடவை துணி பழத்தில் படக்கூடாது என்று நான்கு பக்கமும் குச்சி வைத்துத் தூக்கிக் கட்டினாள்.

பழம் பரப்பிய மறுநாள் காலை நான் கணக்குப் பார்க்க உட்கார்ந்திருந்தபோது உலர்த்துகிற பக்கமிருந்து அலறல் வந்தது.

"அண்ணி! சீக்கிரம் வாங்க! அண்ணி!"

என்ன ஆயிற்றோ என்று விழுந்தடித்து ஓடினேன். சோப்பு துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டுகளுக்குக் கீழே கூட்ட ஒன்றுமே இல்லை. மல் துணியின் மேலே ஒரு ஈ நடந்துகொண்டிருந்தது. நின்றது, முன்னங்காலை ஒன்றோடொன்று தேய்த்தது, மறுபடி நடந்தது.

"நான் வந்ததுலேருந்து பார்க்கறேன்" என்றாள் மூச்சுவிடாமல். "துணி மேலேயேதான் சுத்துது. உள்ளே போக வழி தேடுது. விழவே இல்லை அண்ணி. உயிரோட இருக்கு."

எல்லாரும் வந்து சுற்றி நின்றுகொண்டோம். ஒரு ஈயை இத்தனை பேர் இவ்வளவு மரியாதையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒருத்தி விரட்டக் கையை ஓங்கினாள், சோப்பு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வீட்டில் வராத அழுகை எல்லாம் சேர்த்து வந்தது.

காய்ந்த சரக்கில் மாதிரி எடுத்து முதலில் எங்கள் ஆய்வகத்து மிஷினில் பார்த்தோம், பிறகு வாங்குகிற அம்மாளுக்கு அனுப்பினோம். அவர்கள் சோதனை முடிந்த அன்று அதிகாரித் தம்பி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். திரையில் அந்த அம்மாளின் முகம் தெரிந்தது. நாங்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றோம்.

"மாதிரி சுத்தமா இருக்குன்னு சொல்றாங்க" என்று தம்பி மொழிபெயர்த்ததும் கொட்டகை ஆடுகிற மாதிரி ஒரு சத்தம். அவர் கையைக் காட்டி அடக்கினார். "இன்னும் முடியலை. சரக்கை ஏத்தச் சொல்றதுக்கு முன்னால மருந்து எப்படி வந்துதுன்னு தெரியணுமாம்." பிறகு என் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, வலை அவங்க நாடு கொடுத்தது. கொடி போட்ட பை. சங்கடமாப் போயிடும். காரணம் சரியாத் தெரியலைன்னு சொல்லிடலாமா?"

"தெரியாம இருந்தா மறுபடியும் நடக்கும்னு அவங்க நினைக்க மாட்டாங்களா? உள்ளதைச் சொல்லு. நீங்க கொடுத்த வலைதான்னு சொல்லு. எங்க குழந்தைங்க காய்ச்சல் வராம தூங்கினதும் அதே வலையிலதான், அதுக்கு நன்றின்னும் சொல்லு."

சொன்னார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு ஏதோ கேட்டார். அதை மொழிபெயர்க்கத் தம்பிக்கு நாக்கு எழவில்லை.

"என்னன்னு சொல்லித் தொலை தம்பி."

"வலையை வச்சது யாருன்னு கேக்கறாங்க. அவங்க கம்பெனி விதியாம். அந்த ஆளை அந்த வேலையிலேருந்து எடுத்துட்டீங்களான்னு கேக்கறாங்க."

எனக்குத் தலைக்கு ஏறியது. எழுந்து நின்றேன். திரையைப் பார்த்து நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தபோது என் கையை யாரோ பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். சோப்பு. என்னைத் தாண்டிப் போய்த் திரைக்கு முன்னால் நின்றாள். வெடித்த கைகளை முன்னால் கட்டிக்கொண்டாள்.

"நான்தான் வச்சேன்" என்றாள். "சொல்லுங்க தம்பி அவங்ககிட்ட. நாள் கணக்கா அந்த வலைக்குக் கீழே ஈ செத்துச் செத்து விழுந்துது. நான் தினமும் கூட்டி அள்ளிச் சந்தோஷப்பட்டேன். பழத்துக்கு ஏதோ ஆகுதுன்னு அந்த ஈ சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, எனக்குக் கேக்கலை. இப்போ தினமும் காலையில முதல் வேலையா ஈ உயிரோட இருக்கான்னு பார்க்கறேன். நான் போயிடறேன், பரவாயில்லை. ஆனா என் இடத்துக்கு வர்றவ செத்த ஈயைப் பார்த்தா என்னை மாதிரியே சந்தோஷப்படுவா. அதை மட்டும் யோசிச்சுப் பார்க்கச் சொல்லுங்க."

தம்பி ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். அந்த அம்மாள் சோப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், படம் பிடித்துக்கொண்டு போன அதே முகத்தை. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

தம்பி எங்கள் பக்கம் திரும்பினார். "ஏத்துங்கன்னு சொல்றாங்க."

யார் யாரைக் கட்டிப் பிடித்தார்கள், யார் கத்தினார்கள் என்று எனக்கு நினைவில்லை. நினைவு வந்தபோது நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன், என் வீட்டுக்காரர் வேனைப் பின்னால் எடுத்துக் கொட்டகை வாசலில் நிறுத்தியிருந்தார். எங்கள் நாட்டின் பெயர் போட்ட பெட்டிகள் வரிசையாகக் காத்திருந்தன. அவர் முதல் பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

"அண்ணா, நில்லு" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். "நகத்தைக் காட்டிட்டு அப்புறம் பெட்டியைத் தொடு."